பாயம்மாவின் பஸ் பரீட்சை

சில்லறை இல்லாமல் ஏறுகிறவனைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பிங்கில் பராக்கு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ் கிளம்பியதும் 'நிறுத்து நிறுத்து' என்று கத்துகிறவனை மன்னிக்கவே மாட்டேன். காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். இந்த விஷயத்தில் என் வாய்க்குப் பயந்தே பலபேர் ஒரு ஸ்டாப்பிங் முன்பாகவே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நிற்பார்கள்.

ஆனால் அதே பஸ்ஸில் ஒரு அம்மா இருந்தார். யாராவது ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, "தேறிடுச்சி! புக்கு தேறிடுச்சி!" என்று கூவுவார். நான் ஒருபக்கம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருப்பேன், அவர் இன்னொரு பக்கம் அதே ஆளுக்கு மிட்டாய் எடுத்து நீட்டிக்கொண்டிருப்பார்.

பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. உத்திரமேரூர் பஜாரில் வளையல், ரிப்பன், நோட்டு, பேனா விற்கிற பாய் கடை ஒன்று இருந்தது. அந்த பாயின் வீட்டுக்காரம்மா என்பதால் ஊருக்கே அவர் பாயம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது, கறுப்பு புர்கா, மூக்கின் நுனியில் கண்ணாடி. செவ்வாய்க்கிழமை தோறும் சரக்கு வாங்க காஞ்சிபுரம் போவார். சாயங்காலம் திரும்பும்போது ஒரு கட்டைப்பையில் வளையல், இன்னொரு கட்டைப்பையில் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள். டிரைவர் பின்னால் இருக்கிற சீட்டுதான் அவருடையது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, பஸ் பாலாற்றுப் பாலம் ஏறுவதற்குள் முதல் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்.

பிரித்துத் தனக்குள் படிக்கிற ஆள் இல்லை அவர். பக்கத்து சீட்டுக்காரிக்குப் படிப்பார். பின் சீட்டுக்கும் கேட்கும். பஸ் காலியாக இருந்தால் கடைசி சீட்டுக்கே கேட்கும். கதையில் நரி வந்தால் அவரே நரி, கிழவன் வந்தால் அவரே கிழவன். அதைக் கேட்டு யாராவது இறங்க மறந்தால்தான் அந்தப் புத்தகம் அவருடைய கடை அலமாரிக்குப் போகும். இல்லையென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்கின இடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

இதிலும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். அதனால் ஒரு பெண் ஸ்டாப்பிங்கை விட்டால் அதை அரைத் தேர்ச்சி என்பார். "ஓசில வர்றவங்க ஒரு ஸ்டாப்பிங் தள்ளிப் போனா இன்னா கெட்டுப்போச்சி? காசு குடுத்து ஏறின ஆம்பள வுட்டாம் பாரு, அதான் நைனா நெசமான புக்கு." நைனா என்பது நான்தான். அவரைவிட இளைய ஆண்கள் எல்லாருமே அவருக்கு நைனாதான்.

கடைக்கு வருகிறவர்களிடம் அவர் செய்கிற விசாரணையைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் தேவலை என்று தோன்றும். பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒரு புத்தகம் கொடுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. வீட்டில் யார் முதலில் தூங்குவார்கள்? யாருக்குச் சத்தமான குரல்? சாப்பிடும்போது டிவி ஓடுமா? அப்பாவுக்கும் பையனுக்கும் பேச்சு உண்டா? "புள்ளைக்கு இன்னா வயசுன்னு கேக்க மாட்டீங்களா?" என்று ஒருமுறை நானே கேட்டேன். "புள்ளையா தனியா படிக்கப்போவுது? பொண்ணு பாக்கப் போறோம்ல, பொண்ணு அழகா கீதான்னு மட்டுமா பாக்குறோம்? வூட்டுக்கு ஒத்து வருமான்னு பாக்குறோம். புக்கும் அப்படித்தான்" என்றார். இதைச் சொல்லும்போது கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. உற்சாகம் வந்துவிட்டால் அவரிடம் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது.

இவ்வளவு விசாரித்தும் சிலசமயம் சொதப்புவார். மானாம்பதியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பாம்புக் கதை ஒன்றைக் கொடுத்தார். பஸ்ஸில் அமோகமாகத் தேறின புத்தகம் அது. ஒரு சிமெண்ட் கடைக்காரர் ஸ்டாப்பிங்கையும் விட்டு, மூட்டையையும் விட்டுவிட்டு இறங்கினார். ஆனால் அந்த மானாம்பதி வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருந்தது. கதையைக் கேட்ட பிள்ளைகள் இரண்டும் அதன்பிறகு துணையில்லாமல் அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டன. துணைக்குப் போய்ப் போய் அலுத்த அம்மாக்காரி, அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலேயே வந்து பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாயம்மா, புக்கா குடுத்த? அவசரத்துக்குக்கூட ஒருத்தனும் போவமாட்றான். என் உயிரை வாங்குறானுங்க!"

நானாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். பாயம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அல்லாவே, கக்கூஸ் எங்க கீதுன்னு கேக்க மறந்துட்டனே! பாவி, பாம்பை அவ்ளோ நல்லா வரைஞ்சிக்கிறான்." அன்றிலிருந்து அவருடைய விசாரணையில் அந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இந்த அம்மா என் வீட்டுக்குள் எப்படி நுழைந்தார் என்பதைச் சொல்லவேண்டும்.

என் முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போனபோது என் மகள் பவித்ராவுக்கு நாலு வயது. அவளுக்கு ஏழு நடக்கும்போது செல்வியைக் கட்டிக்கொண்டேன். செல்வி ஷூ கம்பெனிக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள், பவித்ராவுக்குப் பிடித்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள். பவித்ரா அவளிடம் சண்டை போட்டதில்லை. முறைத்ததுகூட இல்லை. அவளிடம் பேசுவதே இல்லை, அவ்வளவுதான். சித்தி என்றோ, அம்மா என்றோ, வாங்க போங்க என்றோ ஒன்றும் கிடையாது. தலை பின்னவேண்டும் என்றால் என்னிடம் வந்து, "அப்பா, பின்னிவிடச் சொல்லு" என்பாள். செல்வி இரண்டடி தூரத்தில் சீப்போடு நின்றுகொண்டிருப்பாள். நான் டூட்டிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒரு வருஷம் இப்படியே போனது. "எனக்கு ஒன்னும் இல்ல, புள்ள மனசுல இன்னா கீதுன்னுதான் தெரியல" என்று செல்வி ஒருநாள் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் குடும்பம் கரைசேருமா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்கூல் லீவு நாளில், இரண்டு பேரும் என் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய்த் துணி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பவித்ரா ஜன்னலோரம், செல்வி இந்தப் பக்கம். நடுவில் துணிப்பையை நிறுத்தி வைத்திருந்தாள் பவித்ரா. பாலம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, தண்ணி குடுக்கச் சொல்லு" என்றாள். பாட்டில் செல்வியின் கையில் இருந்தது. நான் செல்வியிடமிருந்து வாங்கிப் பவித்ராவிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள். நான் செல்வியிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டு வழக்கம்தான், எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

டிரைவர் பின் சீட்டிலிருந்து பாயம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் காவாந்தண்டலத்தில் இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"உன் வூட்டுக்கு ஒரு புக்கு பாக்கணும் நைனா."

"அதெல்லாம் வேணாம் பாயம்மா. எங்க வூட்ல யாரும் படிக்கிற ஆளுங்க இல்ல."

"உன்னையா கேட்டேன்? பாக்கணும்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு என் குடும்பம் பஸ்ஸின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. பாயம்மா குரலைத் தாழ்த்தி ரகசியம் பேசத் தெரியாதவர். ஏனாத்தூரில் படித்துவிட்டுத் திரும்புகிற காலேஜ் பெண்கள், பூக்கடைக்காரம்மா, உர மூட்டையோடு வருகிற விவசாயிகள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகவும் கோபமாகவும் இருந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில் அதைக் காட்டினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதலில் வந்த கதையில் ஒரு சித்தி, மூத்தாள் பிள்ளைக்குப் பழைய சோறும் தன் பிள்ளைக்குப் பாயசமும் கொடுத்தாள். இரண்டு பக்கம்கூடப் போகவில்லை, பூக்கடைக்காரம்மா எழுந்துவிட்டார்.

"நிறுத்து பாயம்மா! நானும் ஒரு சித்திதான். ரெண்டு பசங்களுக்குப் பேதி துணி தொவைச்சி ஆளாக்கியிருக்கேன். எவன் எழுதினான் இத?"

பாயம்மா புத்தகத்தை மூடிப் பையில் போட்டார். அவருக்கும் ஆவேசம் வந்துவிட்டது. "எந்தக் கதைய எடுத்தாலும் சித்தின்னா சோறு போடாதவதான். எழுதறவங்க யாரும் சித்தி கையால ஒரு வாய் தின்னதே இல்லியா?" அன்றைக்கு அந்தச் சண்டையில் கதை கேட்காமலேயே இரண்டு பேர் ஸ்டாப்பிங்கை விட்டார்கள். அது கணக்கில் வராது என்று பாயம்மாவே சொல்லிவிட்டார்.

அடுத்ததில் சித்தி தங்கமானவள். பக்கத்துக்குப் பக்கம் அன்பு, பொறுமை, விட்டுக்கொடுத்தல். பாயம்மா பாதி படிப்பதற்குள் பஸ்ஸில் கொட்டாவிச் சத்தம்தான் கேட்டது. ஒரு ஆள் தன் ஸ்டாப்பிங்குக்கு முந்தின ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிவிட்டார். "இது புக்கு இல்ல, புத்திமதி" என்று அதையும் பையில் போட்டார். இப்படியே எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் போயின. நான் வேண்டாம் என்று சொன்னவன், மெல்ல மெல்ல, செவ்வாய் வந்தால் பஸ் ஸ்டாண்டில் அவர் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாயன்று தூரத்திலிருந்தே தெரிந்தது. பாயம்மா ஓடி வந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வளையல் பையை என் கையில் திணித்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினார். "மாட்டிக்கிச்சி நைனா! மாட்டிக்கிச்சி!"

அட்டையில் நடுரோட்டில் ஒரு எருமை உட்கார்ந்திருந்தது. யாரையும் மதிக்காத முகம். சித்தியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அவர் அன்றைக்குச் சீட்டில் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு ஆளுக்கொரு வேலை கொடுத்தார். காலேஜ் பெண்கள் பால்காரர் சைக்கிள் மணி. பின்சீட்டுக்காரர்கள் மேளம். டிரைவரிடம், "லாரி வரும்போது கம்பியத் தட்டுவேன், ஹாரன் குடு தம்பி" என்றார். எங்கள் டிரைவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

கதை இதுதான். எருமை ரோட்டு நடுவில் உட்கார்ந்துவிட்டது. பால்காரர் வந்து மணி அடித்தார், எழுந்திருக்கவில்லை. லாரி வந்தது. பாயம்மா கம்பியைத் தட்ட, டிரைவர் நிஜ ஹாரனை நீட்டி முழக்க, எதிரே வந்த மொபெட்காரர் பயந்து ஓரம் ஒதுங்கினார். எருமை எழுந்திருக்கவில்லை. கல்யாண ஊர்வலம் மேளத்தோடு வந்தது. தலைவர் ஒருவர் வந்து எருமைக்கு அரைமணி நேரம் அறிவுரை சொன்னார். ஒவ்வொரு பக்கத்துக்கும் முடிவில் பாயம்மா கையை உயர்த்துவார், மொத்த பஸ்ஸும் "எழுந்திருக்கல!" என்று கத்தும். உர மூட்டைக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தம். நானும் கத்தினேன்.

கடைசிப் பக்கத்துக்குக் குரலைத் தாழ்த்தினார். கத்தினவர்கள் எல்லாரும் களைத்துப்போய் எருமையைச் சுற்றி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தரும் பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்து, பால்காரர் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு டம்ளர் பால் ஊற்றினார். மேளக்காரர் லாரிக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டார். எல்லாரும் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்தார்கள். எருமை சுற்றிலும் ஒருமுறை பார்த்தது. எழுந்தது, வாலை ஆட்டியது, போய்விட்டது.

உர மூட்டைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அலறினார். "யோவ் கண்டக்டரே, காவாந்தண்டலம் எங்கய்யா?"

காவாந்தண்டலம் போயே போய்விட்டது. காசு கொடுத்து ஏறின ஆண்களே நாலைந்து பேர் இறங்காமல் நின்றார்கள். யாரைத் திட்டுவது? விசில் என் வாயில்தான் இருந்தது, நான் ஊதவில்லை. அது என் சொந்த ஊர். என் வீட்டு மாடி ரோட்டிலிருந்தே தெரியும்.

"கண்டக்டரே வுட்டுட்டான்!" பாயம்மா சீட்டின் கம்பியில் தாளம் போட்டார். "தேறிடுச்சி! இதுவரைக்கும் இப்படி ஒன்னு தேறினதே இல்ல!"

உத்திரமேரூரில் இறங்கும்போது புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "படிக்கறது உன் பொண்ணு. சவுண்டு எல்லாம் உன் பொண்டாட்டி. நீ எருமை. நடுவுல ஒக்காரு. எருமை பேசாது, நெனப்பு வெச்சிக்கோ. பொண்ணு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத."

"ஏன் பாயம்மா?"

"அன்னிக்கி அந்தத் துணிப்பைதான் நடுவுல கீதுன்னு நெனச்சேன். அப்புறம் தண்ணி பாட்டில பாத்தேன். அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் குடுக்குற, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுக்குற. வூட்லயும் நீ கண்டக்டரா நைனா?"

சுருக்கென்று இருந்தது. புத்தகத்தைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கவிழ்ந்தது. யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு, "நான் எருமை, எருமை பேசாது" என்று கூடத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பவித்ராவுக்கு எருமை பிடித்துவிட்டது, சிரித்துக்கொண்டே படித்தாள். லாரி வந்ததும் என்னைப் பார்த்து, "அப்பா, ஹாரன் அடிக்கச் சொல்லு" என்றாள். நான் பேசவில்லை. "அப்பா, சொல்லு." நான் எருமையாகவே இருந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். செல்வி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த செவ்வாய் ஏறியதுமே பாயம்மா கேட்டார். "வாயத் தொறந்தியா?"

"இல்ல. புள்ள அழுதுடுச்சி பாயம்மா."

அவர் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சரியாகிவிட்டது. "நீ பேசல இல்ல? அப்ப புக்கு இன்னும் முடியல. ஒக்காந்துக்கினே இரு."

அவரை என் பஸ்ஸில் பார்த்தது அதுதான் கடைசி. பாய்க்கு முட்டி முடியாமல் போய், கடையை மகனிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புத்தக அலமாரியில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி டூட்டி முடிந்து வந்ததும் கூடத்தின் நடுவில் போய் உட்கார்வேன். பவித்ரா பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். பால்காரர் மணியை அவளே வாயால் அடித்தாள். லாரிப் பக்கம் வந்தது. என்னைப் பார்த்தாள். நான் அசைபோட்டேன். நீண்டநேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலேயே, அடுப்படி வாசலில் நின்ற செல்வியிடம், "நீங்கதான் லாரி" என்றாள்.

செல்வி அடித்த ஹாரனை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவ்வளவு சத்தம் அவளுக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பவித்ரா சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டாள். "இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி" என்று லாரியைப் பலமுறை வரவழைத்தாள். நான் குனிந்துகொண்டேன். எருமை அழக்கூடாது என்று பாயம்மா சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவர்கள் இரண்டு பேரும் காஞ்சிபுரத்தில் என் பஸ்ஸில் ஏறினார்கள். பை நடுவில் இல்லை, காலடியில் கிடந்தது. மடியில் புதுசாக ஒரு புத்தகம், அதன்மேல் இரண்டு தலைகள். நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தேன். காவாந்தண்டலம் வந்தது. "காவாந்தண்டலம் எறங்கு!" என்று வழக்கத்தைவிட உரக்கக் கத்தினேன். இறங்கவேண்டியவர்கள் இறங்கினார்கள். அவர்கள் இரண்டு பேரும் நிமிரவில்லை. நான் விசில் அடித்தேன், பஸ் கிளம்பிவிட்டது.

ஊர் தாண்டியதும் செல்விக்குத்தான் உறைத்தது. பதறி எழுந்தாள். "அய்யோ, ஸ்டாப்பிங் போச்சிடீ!"

பவித்ரா அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "இரு சித்தி, இன்னும் ஒரு பக்கம்தான்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. என்னையறியாமல் டிரைவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரோ ஒருவர் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. டிக்கெட் மிஷினோடு கையைத் தூக்கி, மொத்த பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி, "தேறிடுச்சி! புக்கு தேறிடுச்சி!" என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டிரைவர் மட்டும் ஹாரனை நீட்டி ஒரு முழக்கு முழக்கினார்.

பவித்ரா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள், "எருமை பேசாது."